மக்கள் போட்ட பாதை

"அப்பாதான்னு எழுதியாச்சு, இனிமே—"

"அம்மாதான்டா! எத்தனை வாட்டி சொல்றது—"

"அக்கா, என்னைப் பேசி முடிக்க விடு!"

"நீ முடிச்சா அது கல்லுல ஏறிடும். அதான் குறுக்க பேசறேன்."

வரைமேசைக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தம்பி. நடுவில் ஒரே ஒரு தாள்: பூங்காக்களும் தோட்டங்களும் வடிவமைக்கும் அவர்களுடைய குடும்ப நிறுவனத்தின் வரலாறு. புது அலுவலகத்தின் வாசல் சுவரில் பதிக்க, கல் செதுக்குபவர் இன்றைக்கே கேட்டிருந்தார்.

நிறுவனத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு வழக்கம். எங்கே வேலை எடுத்தாலும் முதலில் புல் மட்டும்தான். மக்கள் நடந்து நடந்து எங்கே புல் தேய்கிறதோ, அங்கேதான் நடைபாதை. ஆஸ்பத்திரி வளாகம் ஒன்றில், முதல் வேலையிலேயே தொடங்கிய வழக்கம் அது. அது யாருடைய யோசனை என்பதில்தான் சண்டை.

"அப்பா அங்க முதல்ல போட்ட பாதை ஊரைச் சுத்திப் போச்சு. தேஞ்ச இடத்துல கல்லப் போடுங்கன்னு அம்மாதான் சொல்லியிருப்பாங்க. அப்பாவுக்கு மூளை அவ்வளவு ஓடாது."

ஜன்னலோரம் பென்சில் சீவிக்கொண்டிருந்த அப்பா, "நான் இங்கதான் இருக்கேன்" என்றார்.

"தெரியும்ப்பா. அதான் மெதுவா சொன்னேன்."

அட்டையில் செய்த மாதிரிப் பூங்காவில் பஞ்சால் ஆன குட்டி மரங்களை ஒட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. "யோசனை உங்கப்பாதுதான்."

தம்பி நெஞ்சை நிமிர்த்தினான்.

"தடம்தான் என்னுது" என்றாள் அம்மா.

"என்னம்மா சொல்றே?"

"வேலைன்னு நின்னா இவருக்குச் சோறு தண்ணி ஞாபகம் வராது. தினம் நான்தான் கொண்டு போவேன். உங்கக்கா அப்போ வயித்துல. அவ்வளவு தூரம் சுத்த முடியுமா? புல்லுல குறுக்க நடந்தேன். தேஞ்சுபோச்சு. ஒருநாள் ஓடி வந்து, 'பாத்தியா, மக்களே பாதை போட்டுட்டாங்க!'ன்னாரு. முகமெல்லாம் பல்லு. அந்த மக்கள்ல பாதி இன்னும் பொறக்கவே இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "டேய், அப்போ நானும் நிறுவனர்டா! எழுதிக்கோ!"

தம்பி தாளைப் புரட்டிப் பார்த்தான். "இதுல அம்மா பேரே இல்லையே."

"எனக்கெதுக்கு?" என்றாள் அம்மா. ஆனால் அவள் கண் மட்டும் அந்தத் தாளில் மேலிருந்து கீழே ஒருமுறை போய் வந்தது.

அப்பா பென்சிலைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே? தடம் பூரா ஒரே செருப்போட அச்சு. அதுவும் நான் வாங்கிக் குடுத்தது."

சிரிப்பு நின்றது. அம்மா, விரலில் ஒட்டிக்கொண்ட மரத்தை மெல்லப் பிரித்தெடுத்தபடி அப்பாவைக் கேட்டாள்.

"அப்போ இத்தனை மேடையில 'மக்கள், மக்கள்'னு பேசினீங்களே, அது யாருங்க?"