மூன்றில் ஒன்று பொய்

துரைராசுவின் வலது காதிலிருந்து முதல் நெல் உதிர்ந்தது 2023ஆம் ஆண்டு ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு. அந்த வாரம் தக்காளி கிலோ நூற்று இருபது ரூபாய் விற்றது. ஆற்றில் தண்ணீர் குறைவு. அவர் மனைவி தங்கமணி அந்த நெல்லை எடுத்துப் பார்த்தாள். முற்றிய கிச்சிலிச் சம்பா. அவர்கள் நிலத்தில் முப்பது வருஷமாகப் போடாத ரகம். களத்தில் நின்றபோது காதுக்குள் போயிருக்கும் என்று நினைத்துக் கொல்லையில் எறிந்தாள். அதைக் கொத்தித் தின்ற கோழி வேலியைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் நடந்து நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குப் போய் நின்றுகொண்டது. சிறுவயதில் துரைராசு தன் அப்பாவுக்காக அந்த கேட்டில்தான் தினமும் காத்திருப்பார். இருட்டுவதற்குள் கோழியைத் தூக்கி வந்த தங்கமணி அதைச் சொன்னபோது, “எந்த கேட்டு? நான் எதுக்கு அங்க நிக்கப்போறேன்?” என்று கேட்டார்.

அந்த நெல் உதிர்ந்ததற்குக் காரணம் ஒரு விளையாட்டு. அவர்களுடைய ஒரே மகள் குந்தவை, கல்லூரியில் உடன் படித்த ஃபாஜிலைக் கல்யாணம் செய்துகொண்டு அயர்லாந்து போனதிலிருந்து நாலு வருஷம் துரைராசு அவளோடு பேசவில்லை. ஞாயிறுதோறும் காலை பத்தரைக்கு அவள் அம்மாவைக் கூப்பிடும்போது, வேலை இருக்கிறதோ இல்லையோ, மண்வெட்டியோடு வயலுக்குப் போய்விடுவார். குந்தவைக்கு அங்கே செயற்கை நுண்ணறிவு நிறுவனமொன்றில் வேலை; இயந்திரம் சொல்கிற பதில் சரியா தப்பா என்று பார்ப்பது. அந்த ஆனி மாதக் கடைசி ஞாயிறு திடீர் மழை பிடித்துக்கொண்டதில் அவரால் படி இறங்க முடியவில்லை. ஸ்பீக்கரில் குந்தவை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “படமெல்லாம் நல்லா வரையுதும்மா. என்ன, கைக்கு ஆறு வெரல் போட்டுடுது.”

“ஆறு வெரலாம். பொய்யி” என்றார் துரைராசு, யாரிடமும் சொல்லாததுபோல.

நாலு வருஷத்தில் மகளின் காதில் விழுந்த அவருடைய முதல் வார்த்தை அது. குந்தவை, “சரிப்பா, மூணு சேதி சொல்றேன். ரெண்டு நெசம், ஒன்னு பொய். எதுன்னு கண்டுபிடிங்க பாப்பம்” என்றாள். அவர் நின்றபடியே யோசித்துத் தப்பாகச் சொன்னார். தோற்றது பொறுக்காமல் மறுவாரத்துக்குள் பேப்பரெல்லாம் படித்தார். பேருந்து நிலையத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் ஷேக் பரீத்திடம் உட்கார்ந்து விவரம் கேட்டார். இயந்திரம் பாட்டுக் கட்டுகிறது, வக்கீல் பரீட்சை எழுதுகிறது, கொட்டாவி மட்டும் விடுவதில்லை என்று தெரிந்துகொண்டு அடுத்த ஞாயிறு ஜெயித்தார். அன்றுதான் அந்த முதல் நெல் உதிர்ந்தது. கல்யாணத்தைப் பற்றியோ ஃபாஜிலைப் பற்றியோ ஒரு வார்த்தை கிடையாது. எட்டு நிமிஷம், மூன்று சேதி, அவ்வளவுதான். ஆனாலும் அப்பாவும் மகளும் பேசிக்கொண்டார்கள்.

புதிதாக ஒன்று கற்றுக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் ஒரு நெல் உதிர்ந்தது. மன்னார்குடி டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, காது சுத்தமாக இருக்கிறது என்றார். கார்த்திகையில் ஒரு நாள் தங்கமணி ஒரு நெல்லை வாயில் போட்டு மென்றாள். உடனே அவளுக்குத் தெரிந்தது: குந்தவை பிறந்த அன்று, டீ குடிக்கப் போனேன் என்று இவர் சொன்ன அந்த ஒரு மணி நேரமும் ஆஸ்பத்திரிப் புளியமரத்தடியில் நின்று, சட்டைப் பொத்தானைத் திருகிப் பிய்த்தபடி அழுதிருக்கிறார். அதை அவரிடம் கேட்டபோது, “எந்தப் புளியமரம்?” என்றார். தங்கமணி பேப்பரை ஒளித்து வைத்தாள்.

“இந்த வெளையாட்டு வேணாங்க. உங்களயே கொஞ்சம் கொஞ்சமாக் கொண்டுபோவுது.”

“போறது போவட்டும்” என்றார் அவர். “ஞாயித்துக்கெழம போவக்கூடாது.”

தை மாதம் அவருடைய கோபம் உதிர்ந்தது. அன்று போனில் ஃபாஜிலின் குரல் கேட்டதும், “யாரு அந்தத் தம்பி? தங்கமான புள்ளையா இருக்கே” என்றார். குந்தவை அழுதாள். தங்கமணி அந்த நெல்லை மட்டும் மெல்லாமல் கொண்டுபோய் வெண்ணாற்றில் போட்டாள். அதன்பிறகு அந்த ஆற்றில் எந்த மீனும் யாரிடமும் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை. அந்தக் கோபத்தோடு நின்றுவிடக் கூடாதா என்று அவள் வேண்டிக்கொண்டாள். நிற்கவில்லை. எந்த மடையைத் திறந்தால் எந்த வயலுக்குப் பாயும் என்பது போயிற்று. நிலத்தைப் பக்கத்து வயல் அன்பரசனுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். அவருடைய அம்மாவின் முகம் போயிற்று. உதிர்ந்த நெல்லைப் போட்டு வைத்த பிஸ்கட் டின் நிறைந்தது. தங்கமணி நாளுக்கு ஒரு நெல்லாக மென்று, தான் பார்த்தேயிராத மாடுகளின் பெயர்களை மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினாள். செயற்கை நுண்ணறிவு விஷயத்தில் மட்டும் தாலுகாவிலேயே அவரை மிஞ்ச ஆளில்லை.

2025 வைகாசியில் தங்கமணி மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். குந்தவை இரண்டு ஞாயிறு கூப்பிடவில்லை. நெல் விழவில்லைதான், ஆனால் அவர் காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை சாப்பிடாமல் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மூன்றாவது ஞாயிறு அவள் கூப்பிட்டாள்.

புரட்டாசியில் குந்தவை நேரிலேயே வந்தாள். “வாங்கம்மா. யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நாலு நாள் விருந்தாளியாகவே இருந்தாள். ஞாயிறு பத்தரைக்கு அவர் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததும், அவள் எழுந்து களத்துமேட்டுக்குப் போய் அங்கிருந்து கூப்பிட்டாள். குரல் கேட்டதும் அவர் முகம் மலர்ந்ததை வாசலில் நின்ற தங்கமணி பார்த்தாள்.

“ஒன்னு. நெல்லு எலைய போட்டோ புடிச்சுக் காட்டுனா என்ன நோயின்னு சொல்லுது. ரெண்டு. செத்துப்போனவங்க கொரல்ல பேசிக் காட்டுது. மூணு...” என்று நிறுத்தினாள் குந்தவை. “மூணு. நான் உங்க மக.”

துரைராசு சிரித்தார். “மூணாவதுதான் பொய்யி. இவ்வளவு சுளுவாவா வைக்கிறது? எம்பொண்ணு நாலாவது படிக்கிறா. அவ அம்மாவோட சந்தைக்குப் போயிருக்கா, இப்ப வந்துருவா.”

“ஆமாப்பா” என்றாள். பிறகு, “ஆமாங்க. நீங்க ஜெயிச்சிட்டீங்க” என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “உங்க பொண்ணு எப்படிங்க?” என்று கேட்டாள்.

“கணக்குல சூட்டிக. பொய் சொல்லத்தான் வராது, மூஞ்சி காட்டிக் குடுத்துடும். என்ன மாரியே வீம்பு. ஒன்னு நெனச்சுட்டான்னா மாத்த முடியாது. மாத்தவும் கூடாது, பாருங்க.” அன்று அவர்கள் நாற்பது நிமிஷம் பேசினார்கள். குந்தவை களத்துமேட்டில் வெயிலில் நின்று, தன்னைப் பற்றி அவர் சொன்ன அத்தனையையும் கேட்டாள்.

அவள் அயர்லாந்து திரும்பிவிட்டாள். ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறாள், அவர் ஜெயிக்கிறார். ஊரில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மாதத்துக்கொருமுறை அவர் முடிவெட்டப் போகும்போது, சலூன்காரர் தமிழ்மாறன் துணியை உதறுவதற்கு முன் நரைமுடிக்குள் கிடக்கும் நெல்லைப் பொறுக்கி, பேப்பரில் மடித்து, “அக்காகிட்ட குடுத்துடுங்க” என்று அவர் சட்டைப்பையில் வைத்து அனுப்புகிறார்.