ஏழரை மணி ஊசி

“காலப் புடிய்யான்னா—”

“புடிச்சிக்கினுதானடி கீறேன், நீ சட்டுனு—”

“கண்ண மூடிக்கினு இன்னாத்த புடிக்கிற? ஊசிப் பேனாவக் கிட்ட கொண்டாந்தாலே உன் கை தளந்து பூடுது!”

செல்வகுமாரி சொன்னதில் பொய்யில்லை. கரும்புத் தோட்டத்தில் பாம்பை அடித்துப் போட்டுவிட்டு மேற்கொண்டு வேலையைப் பார்க்கிற மணவாளன், ஆறு வயது மகளின் தொடையில் ஊசி இறங்குவதை இந்த நாலு மாதத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. சுவேதாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததிலிருந்து காலையும் மாலையும் இன்சுலின். காலையும் மாலையும் இந்தக் கூத்து. ஊசி போட்டால்தான் இட்லி, இட்லி தின்றால்தான் பள்ளிக்கூட வேன்.

“ஏய், இன்னொருவாட்டி ஒதச்சின்னா ரெண்டு ஊசியா போடச் சொல்லுவேன், பாத்துக்க!” என்று கத்தினான் மணவாளன்.

கட்டிலில் துள்ளிய கால்கள் அப்படியே நின்றன. செல்வகுமாரி சதையைக் கிள்ளிப் பிடித்துக் குத்தி, பத்துவரை எண்ணி எடுத்தாள்.

“பாத்தியா? சொல்றமாரி சொன்னா கேக்குது. நீ கொஞ்சிக்கினே இரு.”

“வாய மூடு. ஊசியச் சொல்லி மெரட்டாதீங்கன்னு டாக்டரம்மா படிச்சிப் படிச்சி சொல்லல?”

“நீ மட்டும் யோக்கியமா? சோறு துன்னலன்னா ஊசி, தூங்கலன்னா ஊசின்னு சின்னதுலேர்ந்து சொல்லி வளத்தது யாரு? நானா?”

செல்வகுமாரிக்குச் சுருக்கென்றது. தெருவில் எந்த வீட்டில்தான் அப்படிச் சொல்லாமல் பிள்ளைக்குச் சோறு இறங்கியது? இட்லியைப் பிட்டாள்.

“ம்மா, நேத்து நா தட்டக் கழுவி வச்சேன்.”

“சரிடி, துன்னு.”

“தல பின்னசொல்லோ அழல. ஸ்கூல்ல சாக்லேட்டு குடுத்தாங்க, வேணான்ட்டேன். மிஸ்ஸுகூட குட் கேர்ள்னாங்க. அப்பவும் போடறீங்க.”

இட்லி விரலிலேயே நின்றது. ஒரு வாரமாகப் பிள்ளை திருந்திவிட்டாள் என்று பக்கத்து வீட்டு மஞ்சுளாவிடம் எவ்வளவு பெருமை அடித்திருந்தாள்!

வெளியே வேன்காரன் ஹார்னை விடாமல் அழுத்தினான்.

“வாயத் தொறடி, வண்டி பூடும்,” என்றான் மணவாளன்.

சுவேதா அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

“இன்னும் எத்தினி நாளு நல்ல புள்ளையா இருந்தா ஊசிய நிறுத்துவீங்க?”