சனிக்கிழமை மட்டும் விளம்பரம்

படுக்கையில் கிடக்கிறவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு. அதை நடத்துகிறவளுக்குக் குழுவில் சட்டாம்பிள்ளை அக்கா என்று பெயர். பக்கவாதத்தில் விழுந்த புருஷனை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, யார் விதியை மீறினார்கள் என்று போனில் தேடுவாள். விற்கிறவர்கள் சனிக்கிழமை மட்டும், மேலே 'விளம்பரம்' என்று போட்டு, ஒரே ஒரு தடவை எழுதலாம். கஷ்டத்தைச் சொல்லி யாராவது கேள்வி கேட்டால், அதன் கீழே போய்க் கடை விரிக்கக் கூடாது. நல்ல விதிதான், யார் இல்லையென்றார்கள்?

அவள் தங்கை தையல்காரி. குதிகாலில் புண் வராமலிருக்கப் பஞ்சு அடைத்துத் தைக்கிற சின்னத் தலையணைகள்தான் அவள் பிழைப்பு. வாங்குகிறவர்கள் முக்கால்வாசி அந்தக் குழுக்காரர்கள். ஒரு செவ்வாய்க்கிழமை யாரோ ஒரு பெண், "அப்பாவோட குதிகால் செவந்துபோச்சு, என்ன பண்றது?" என்று கேட்டாள். தங்கைக்கு மனசு கேட்கவில்லை. "நான் தைக்கிறேங்க, நாளைக்கே அனுப்புறேன்" என்று எழுதிவிட்டாள், பாவம்.

அக்கா அதை அழித்தாள். அதோடு விட்டாளா? "என் கூடப் பிறந்தவளா இருந்தாலும் இங்க சலுகை கிடையாது" என்று எல்லாரும் பார்க்க எழுதி, தங்கையைக் குழுவிலிருந்தே தூக்கினாள். கைதட்டுகிற படங்கள் வந்து குவிந்தன. அப்போதும் அவள் புருஷனுடைய குதிகால் தங்கை தைத்த தலையணைமேல்தான் இருந்தது. நியாயமாம், பெரிய நியாயம்.

தங்கைக்கு ஆர்டர் நின்றது. அக்காவோடு பேச்சும் நின்றது.

கொஞ்ச நாள் கழித்து 'மழைத்துளி' என்று ஒருத்தி குழுவில் சேர்ந்தாள். அம்மா படுத்த படுக்கை என்றாள். யார் அழுதாலும் ஆறுதல் சொன்னாள். எதையும் விற்கவில்லை. அக்கா அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். ஒருநாள் மனசு விட்டுப்போய், "இவர் போய்ச் சேர்ந்தா தேவலைன்னு தோணுது" என்று அவளுக்குத் தனியாக எழுதினாள். பெற்ற பிள்ளையிடம்கூட வாய் திறக்காத விஷயம். "அப்படித் தோணுறது பாவம் இல்லக்கா. நீங்க களைச்சுப்போயிருக்கீங்க" என்று பதில் வந்தது. அக்கா தேம்பித் தேம்பி அழுதாள். அப்புறம் பேச்சுவாக்கில் மழைத்துளி, புண் வராமலிருக்கத் தன் அம்மாவுக்குப் போட்ட காற்று மெத்தை எந்தக் கம்பெனியுடையது என்று சொன்னாள். அக்கா அதையே வாங்கினாள்.

மெத்தை வந்ததும் தலையணைகளைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில், சமாதானமாகப் போகலாம் என்று தங்கை வீட்டுக்குப் போனாள். தையல் மெஷின் கிடந்த மூலையில் கம்ப்யூட்டர் இருந்தது. திரையில் அக்காவின் குழு. பாதி எழுதிய பதிலுக்கு மேலே மழைத்துளி என்ற பெயர்.

"அடிப்பாவி, அம்மா செத்து எத்தனை வருஷமாச்சு. அவங்களைப் போய்ப் படுக்கையில போட்டியா?"

"இது என் வேலைக்கா. மெத்தைக் கம்பெனியில சேர்ந்திருக்கேன். விளம்பரம்னு தெரியவே கூடாது, அங்க அதான் ரூல்." தங்கை குரலை உயர்த்தவில்லை. "உன் ரூல்ல எதையாவது மீறினேனா, சொல்லு."

அக்கா தலையணைகளைக் கீழே வைத்தாள். அங்கேயே உட்கார்ந்தாள். "அன்னைக்கு நான் எழுதினதுக்கு நீ சொன்ன பதில்?"

"அது நானா எழுதினது. அதுலயே மெத்தையைப் பத்தியும் சொல்லச் சொன்னாங்க. எனக்கு மனசு வரல." தங்கை திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "மறுநாள் சொன்னேன். நீ வாங்கிட்ட."