புரிந்ததா என்று கேட்டார்கள்

மேல்முறையீட்டில் தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. கீழ்க்கோர்ட்டில் குற்றச்சாட்டைப் படித்துக் காட்டிய அன்று தனக்கு அது புரியவில்லை என்று ஜோதிலிங்கம் உயர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவர் ஸ்டோர்கீப்பராக இருந்த அரசு அலுவலகத்தில் சாமான்கள் குறைந்துபோனதாக வழக்கு. எந்தச் சாமான், எந்த மாதம் என்று குற்றச்சாட்டில் ஒரு வார்த்தை இல்லை. காணாமல்போன மின்விசிறிகளைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து, விசாரணை முழுவதும் அவற்றுக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். தண்டனை செம்புக் கம்பிக்காக வந்தது. இப்போது ஜாமீனில் இருக்கிறார். தோற்றால் திகார் சிறை.

வக்கீல் சுபாஷிணி டெல்லி துவாரகாவில் தன் வீட்டிலேயே அலுவலகம் வைத்திருந்தாள். “குற்றச்சாட்டுல குறை இருக்குன்னு காட்டினா மட்டும் பத்தாது, அங்கிள். அதனால நீங்க தடுமாறிப் போனீங்கன்னு காட்டணும். ஆனா அன்னிக்கு ஜட்ஜ் ‘சமஜ் கயே?’, புரிஞ்சுதான்னு கேட்டதுக்கு ‘ஜி ஹா’, ஆமான்னு சொல்லிக் கையெழுத்தும் போட்டிருக்கீங்களே, ஏன்?”

ஜோதிலிங்கம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். பக்கத்தில் மகள் இளவரசி உட்கார்ந்திருந்தாள்.

அவர் குடியிருந்த மோதி பாக் அரசு குவார்ட்டர்ஸில் அவருக்கு ஹிந்தி ஜோதி என்று பெயர். ஊரிலிருந்து மாற்றலாகி வருகிறவர்களுக்காக கேஸ் ஏஜென்சியிலும் பள்ளிக்கூடத்திலும் போய்ப் பேசிக்கொடுப்பார். கடைக்காரரோடு பேசும் ஹிந்தி, மேலதிகாரியோடு பேசும் ஹிந்தி இரண்டும் நன்றாக வரும். கோர்ட்டில் அன்று கேட்டது வேறு ஹிந்தி. அமானத், கயானத் என்று சொற்கள் கடந்து போயின. எந்தச் சாமான் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் மற்றதும் புரியவில்லை என்று வெளியே தெரிந்துவிடும். அன்றும் இளவரசி பின் வரிசையில் இருந்தாள். தலையாட்டினார்.

உயர் நீதிமன்றத்தில் அரசு வக்கீல் அதையே பிடித்துக்கொண்டார். இவர் பாதி வாழ்க்கையை டெல்லியில் கழித்தவர், காலனிக்கே மொழிபெயர்ப்பாளர் என்று இவர் தரப்புச் சாட்சியே பெருமையாகச் சொல்லியிருக்கிறாரே என்று படித்துக் காட்டினார். அந்தச் சாட்சி பக்கத்து வீட்டு ராமமூர்த்தி. ஜோதிலிங்கம் நல்லவர் என்று காட்டுவதற்காகச் சொன்னது. இரண்டு ஜூனியர் வக்கீல்கள் சிரித்தார்கள்.

நீதிபதி கோப்பிலிருந்து நிமிர்ந்து, ஹிந்தியிலேயே அவரைக் கேட்டார். அன்று உங்களுக்குப் புரிந்ததா, இல்லையா?

எழுந்து நின்றபோது, ஒரு பிசிறும் இல்லாத ஹிந்தியில் பதில் சொல்லிக் காட்ட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. சுபாஷிணி திரும்பிப் பார்க்கவில்லை. இளவரசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சமஜ் மே நஹீ ஆயா, சார்” என்றார், புரியவில்லை என்று. பிறகு, யாரும் கேட்காமலே, “பூச்னே மே ஷரம் ஆயீ” என்றார். கேட்க வெட்கமாக இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மதியமே உத்தரவு வந்தது. தண்டனை ரத்து. ஆனால் விடுதலை இல்லை. எந்தச் சாமான், எப்போது என்று தெளிவாக எழுதிப் புதிதாகக் குற்றச்சாட்டைப் பதிவு செய்து, அவருக்குத் தெரிந்த மொழியில் விளக்கிவிட்டு, விசாரணையை மறுபடி நடத்த வேண்டும். பாதி ஜெயம் என்றாள் சுபாஷிணி. நகல் வாங்க உள்ளே போனாள்.

தாழ்வாரத்தில் அப்பாவும் மகளும் மட்டும் நின்றார்கள். அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

“பின்னாடியேதானே இருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, அப்பா?”

“நீ இருந்தியேன்னுதான் கேக்கல.”

அந்தச் சொற்களுக்கு இப்போது அர்த்தம் சொல்லட்டுமா என்று அவள் கேட்டாள். அவள் பிறந்ததும் படித்ததும் இங்கேதான். ஹிந்திதான் சரளம், தமிழில் ஒவ்வொரு சொல்லாகத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

“அமானத்னா... உங்களை நம்பி, உங்க கையில குடுத்து வச்ச பொருள். கயானத்னா...” நிறுத்தினாள். “அதை நீங்க... என்ன சொல்றது, அவங்க நம்பினாங்கல்ல, அந்த நம்பிக்கையை ஏமாத்தி, நீங்களே எடுத்துக்கிட்டீங்க. அதான்.”

இத்தனை வருடத்தில் அவர் அதைத் தமிழில் கேட்பது இதுதான் முதல்முறை. அதுவும் அவள் வாயால். பக்கத்து பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“நான் எடுக்கலம்மா” என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் தலையசைத்தாள். நம்பித்தான் அசைக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்க வாயெடுத்தவர், கேட்காமலே விட்டுவிட்டார்.