அல்போன்ஸின் சனிக்கிழமைகள்

காயா ஜாம் போத்தலின் மூடி திறக்கவில்லை. அல்போன்ஸ் துணியை வைத்துத் திருகிப் பார்த்தார். மேசை விளிம்பில் தட்டிப் பார்த்தார். கடைசியில் மனைவியின் கருவிப் பெட்டிப் பக்கம் இடது கையை நீட்டினார்.

"அதத் தொடாதீங்க," என்றாள் மரியசெல்வி. "குடுங்க இங்க."

ஒரே திருகு. திறந்துவிட்டது. அவர் ரொட்டியின் இரண்டு பக்கமும் காயா தடவிச் சாப்பிட்டார். அப்படிச் சாப்பிடுகிற மனிதரை அவள் வேறெங்கும் பார்த்ததில்லை. அதைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் போன் அடித்தது. புக்கிட் பாருவில் ஒரு வீட்டில் தண்ணீர்த் தொட்டி வழிகிறதாம்.

"கோயிலுக்குப் போயிட்டு வந்துர்றேன் செல்வி. நாற்காலி அடுக்கணும்," என்று அவர் சொன்னது போனுக்கு நடுவில் அரைகுறையாகக் காதில் விழுந்தது. கையை மட்டும் ஆட்டினாள்.

பதினோரு மணிக்குப் போலீஸிலிருந்து அழைத்தார்கள். லூபோக் சீனா பஸ் நிறுத்தத்தில் ஒருவர் உட்கார்ந்தபடியே இறந்திருக்கிறார், அடையாள அட்டையில் இந்த முகவரி இருக்கிறது என்றார்கள். தப்பான ஆளுக்குப் போன் செய்துவிட்டீர்கள் என்று மரியசெல்வி மலாயில் பொறுமையாக விளக்கினாள். தன் வீட்டுக்காரர் கோயிலில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருக்கிறார், லூபோக் சீனாவில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது.

அவர்தான். மாரடைப்பு என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், கோயில் வேலைகளைக் கவனிக்கிற ஃபிரெடி துக்கம் விசாரிக்க வந்தான். தேநீரைக் குடித்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அண்ணனுக்கு எங்க மேல ஏதாவது கோபமா அக்கா? நல்லாத்தானே வந்துகிட்டிருந்தாரு. ஏழு மாசமாச்சு, சனிக்கிழமை ஆளே காணோம்."

ஏழு மாதமாக ஒரு சனிக்கிழமை தவறாமல் அவர் கோயிலுக்கென்று போய்க்கொண்டிருந்தார்.

அல்போன்ஸின் தங்கை அமுதா அதைக் கேட்டதும் கதவைச் சாத்திவிட்டு வந்து அருகில் உட்கார்ந்தாள். "அண்ணி, விட்டுருங்கலா. ரிட்டையர் ஆன ஆம்பள, ஊரு விட்டு ஊரு போறாருன்னா என்னத்துக்குப் போவாரு? தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க? மனுசனே போயிட்டாரு."

"நாற்பதாம் நாள் பூசைக்கு முன் பெஞ்சுல நான்தானே உட்காரணும், அமுதா? யாருக்காகப் பூசை வைக்கிறோம்னு தெரிய வேணாமா?"

அமுதா மூக்கை உறிஞ்சினாள்.

மரியசெல்விக்கு இருபத்திரண்டு வருடமாகக் குழாய் வேலைதான். 'துக்காங் பைப் செல்வி' என்றால் தெங்கேராவிலிருந்து ஆயர் குரோ வரை தெரியும். சுவரில் ஈரம் தெரிகிற இடத்திலேயே ஓட்டை இருப்பது அபூர்வம். தண்ணீர் எங்கோ கசிந்து, எதன் வழியாகவோ ஓடிவந்து வேறோர் இடத்தில் முகம் காட்டும். அவசரக்காரன் ஈரமான இடத்தை உடைப்பான். அவள் உடைக்க மாட்டாள். ஒவ்வொரு குழாயாக அடைத்துவிட்டு, மீட்டர் இன்னும் ஓடுகிறதா என்று பார்ப்பாள். அமுதா சொன்னது ஈரம். ஓட்டை எங்கே என்று அவள் பார்க்க வேண்டியிருந்தது.

முதலில் போனைப் பார்த்தாள். பழைய பொத்தான் போன். அதில் அவள், அமுதா, கோயில் ஆபீஸ், இவ்வளவுதான் எண்கள். அந்தக் குழாய் அடைத்தாயிற்று. உறவு என்று யாரும் லூபோக் சீனா பக்கம் இல்லை. அதுவும் அடைத்தாயிற்று. பிறகு, ஒரு மாதம் கழித்து, மருத்துவமனையில் கொடுத்த பிளாஸ்டிக் பையை மடியில் கவிழ்த்தாள். மூக்குக்கண்ணாடி, செபமாலை, சில்லறை, கைக்குட்டை. கைக்குட்டையின் முடிச்சுக்குள் இரண்டு வாஷர்கள்.

பையை அன்றே ஒருமுறை பார்த்திருந்தாள். முடிச்சை அவிழ்க்க அப்போது மனம் வரவில்லை.

பித்தளைத் தண்டு வைத்த கறுப்பு ரப்பர் வாஷர்கள். வீடமைப்புப் பகுதிகளில் இப்போது இதைக் கேட்பாரில்லை. அரைச் சுற்றில் திறந்து மூடும் குழாய்கள் வந்துவிட்டன. இது அந்தக் காலத்துப் பித்தளைக் குழாய்க்கு உரியது. ஸ்பேனரைத் தலைகீழாகப் பிடிக்கிற மனிதரின் சட்டைப் பையில் இதற்கு என்ன வேலை?

வேனை எடுத்துக்கொண்டு நேரே ஜமாலுதீன் கடைக்குப் போனாள். இரண்டு தலைமுறையாகத் தெங்கேராவில் இரும்புச் சாமான் விற்கிறவர்கள். அவளுக்கு வேண்டிய எல்லாமே அங்கேதான். வாஷர்களைக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்ததும் ஜமாலுதீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தார்.

"பாய், மேல என்ன இருக்கு? என்னப் பாருங்க."

"அக்கா, நான் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்லா."

"யாருகிட்ட பண்ணுனீங்களோ அவரு செபஸ்தியார் கல்லறையில படுத்திருக்காரு. சொல்லுங்க."

ஜமாலுதீன் பெருமூச்சு விட்டார். "வெள்ளிக்கிழமை, நான் ஜும்மா முடிஞ்சு கடை தொறக்கற நேரம் பார்த்து வருவாரு. உங்க வேன் நிக்குதான்னு ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத்தான் உள்ளாற வருவாரு. வாஷர், வெள்ளை டேப். ஒரு தடவை ஒரு ஸ்பேனர், சின்னது. செல்விகிட்ட சொல்லிறாதீங்க பாய், திட்டுவான்னு சொன்னாரு."

"எத்தனை வாஷர்?"

"மொதல்ல ஒண்ணு. அடுத்த வாரம் ரெண்டு. எல்லாம் ஒரே சைஸ், ஒரே மாதிரி. நான்கூட நீங்கதான் ஏதோ பழைய கட்டடம் கான்ட்ராக்ட் எடுத்திருக்கீங்கன்னு நினைச்சேன்."

ஒரே அளவு, ஒரே மாதிரி, பழைய குழாய், வரிசையாகப் பல வீடுகள். வேன் கதவைத் திறப்பதற்குள் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. லூபோக் சீனாவைத் தாண்டி உள்ளே, செம்பனைத் தோட்டத்தில் தொழிலாளர் வீட்டு வரிசையான பழைய லயம் ஒன்று இன்னும் இடிக்கப்படாமல் இருக்கிறது. போன வருடக் கடைசியில் யாரோ நோயாளிக்கு ஜெபம் சொல்லக் கோயில் ஆட்கள் அங்கே போனார்கள். அல்போன்ஸும் போயிருந்தார். அன்று சட்டைக் கை நனைந்து வந்தார். மழையா என்று கேட்டதற்கு, ஆமாம் என்றார்.

அந்தச் சனிக்கிழமை காலையில் போனாள். பதினான்கு வீடுகளில் எட்டில்தான் ஆள் இருந்தது. வண்டியை நிறுத்தி இறங்கியவள் முதலில் பார்த்தது மனிதர்களை அல்ல. ஆள் இருந்த ஒவ்வொரு வீட்டின் பின்பக்கமும் ஒரு பித்தளைக் குழாய். சுவரோடு சேருமிடத்தில் வெள்ளை டேப் பிதுங்கி, ஆட்டுத் தாடிபோல் தொங்கிக்கொண்டிருந்தது. மரை ஏறுகிற திசையிலேயே டேப்பைச் சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் முறுக்க முறுக்க அவிழ்ந்து இப்படித்தான் வெளியே தள்ளும். இடது கைக்காரர், சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் செய்தால் எதிர்த் திசையில்தான் சுற்றுவார்.

எட்டுத் தாடிகளையும் எண்ணிவிட்டு மரியசெல்வி அங்கிருந்த சலவைக் கல்லில் உட்கார்ந்தாள்.

"யாரும்மா? ஆபீஸ்லேருந்தா?" அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கையில் உரித்த வெங்காயத்தோடு வந்தாள். காளியம்மா என்று பின்னால் தெரிந்தது. அவளுடைய மகன் காந்தன் எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறான்.

"இந்தப் பைப்பெல்லாம் யாரு போட்டது?"

"எங்க பைப்பு சாரு. மலாக்காவுலேருந்து வருவாரு. அஞ்சு வாரமா ஆளக் காணோம். உடம்புக்கு என்னமோன்னு பேசிக்கிட்டிருக்கோம். போன் நம்பரும் வாங்கி வைக்கல. உனக்குத் தெரியுமா தங்கச்சி?"

வரும் வழியெல்லாம் தான் கேள்வி கேட்கப் போவதாகத்தான் மரியசெல்வி நினைத்திருந்தாள். சேதி சொல்ல வேண்டியவள் தானே என்பது இப்போதுதான் உறைத்தது. சொன்னாள். காளியம்மா வெங்காயத்தைக் கல்லின் மேல் வைத்தாள், அது உருண்டு போனது. அதை எடுக்கவில்லை.

"அன்னைக்கு எங்க வீட்டுக்குத்தான் வர்றதா இருந்துச்சு," என்றாள். "புட்டு அவிச்சு வச்சுட்டுக் காத்திருந்தேன்."

பிறகு காளியம்மா, அவர் முதன்முதலில் வந்த நாளில் நடந்ததைச் சொன்னாள். ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போது அவள் வீட்டுக் குழாய் பிய்த்துக்கொண்டது. பைப்பு தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டபோது, அல்போன்ஸ் கையைத் தூக்கினாராம், பள்ளிக்கூடப் பிள்ளைபோல.

"நல்லா செஞ்சாரா?"

"நீ அவருக்குச் சொந்தமா?"

"சும்மா சொல்லுங்கக்கா."

"ஒழுகும்," என்றாள் காளியம்மா. "எல்லா வீட்டுலயும் ஒழுகும். அவரு போனதும் காந்தன் ஒரு தடவ இறுக்கிவிடுவான். அது அவருக்குத் தெரியாது."

"பின்ன எதுக்கு வாராவாரம் கூப்பிட்டீங்க?"

"வேலை முடிஞ்சதும் கையைக் கழுவிட்டு, அந்தப் பைப்பையே பார்த்துக்கிட்டு ஒக்காருவாரு. அப்ப அவரு மூஞ்சியப் பார்த்திருக்கணும் நீ. ஒழுகுதுன்னு எப்படிச் சொல்றது? அடுத்த வாரம் என் வீட்டுக்கு வாங்க, என் வீட்டுக்கு வாங்கன்னு சண்டையே வந்துரும். ஆனா பாவம், அவரு தவுக்கே ரொம்பக் கண்டிப்பாம்."

"எந்தத் தவுக்கே?"

"அவரு முதலாளி. அவரு கூலிதானே. தவுக்கே ஸ்பேனரத் தொடவே விடாதாம். மலாக்காவுலயே அத மாதிரி வேலைக்காரங்க கிடையாது, மூடியைத் தொட்டா தானா தெறந்துக்கும், நானும் ஒரு நாள் அந்த அளவுக்கு வந்துட்டு அப்புறம் சொல்லிக்குவேன்னு சொல்வாரு. தவுக்கே சீனரான்னு காந்தன் கேட்டான். ஒரே சிரிப்பு."

மரியசெல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுடைய போன் நாள் முழுக்க அடிக்கும். ஓய்வுபெற்று வீட்டிலிருந்த அந்த மனிதரை யாரும் எதற்கும் அழைத்ததில்லை. அவளும்தான். ஒரு திருகாணியைப் பிடித்துக்கொள்ளக்கூட.

"நான்தான்க்கா அந்தத் தவுக்கே," என்றாள்.

காளியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். ஜீன்ஸ், பாதுகாப்புச் சப்பாத்து, காய்த்துப் போன விரல்கள். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள். "கண்டிப்பானவதான். மூஞ்சியிலேயே தெரியுது."

மதியத்துக்குள் மரியசெல்வி எட்டுக் குழாய்களையும் கழற்றி, டேப்பை நேராகச் சுற்றி மாட்டினாள். கைக்குட்டையில் இருந்த வாஷர்களில் ஒன்றைக் காளியம்மா வீட்டுக் குழாய்க்கும் மற்றதைப் பக்கத்து வீட்டுக் குழாய்க்கும் போட்டாள். கழற்றிய பழைய டேப்பைக் குப்பையில் போட மனம் வராமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு போட்டாள். அது டேப்தான்.

வேனிலிருந்து அமுதாவுக்குப் போன் செய்தாள்.

"கண்டுபிடிச்சிட்டேன். பொம்பளைங்கதான். எட்டு வீடு."

"ஐயோ அண்ணி!"

"எல்லா வீட்டுலயும் பைப்பு ஒழுகுது. உங்க அண்ணன் பார்த்த வேலை. பூசைக்கு அவங்கள்லாம் வர்றாங்க. காந்தன் வேன் பிடிக்கிறான். சாப்பாட்டுக்கு இருபது பேரைக் கூடுதலாச் சொல்லிரு."

அமுதா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. போனில் ஒரே இரைச்சல்.

நாற்பதாம் நாள் முன் பெஞ்சில் மரியசெல்வி காளியம்மாவின் அருகில் உட்கார்ந்தாள். யாருக்காகப் பூசை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதன் பிறகு மாதம் ஒரு சனிக்கிழமை அவள் அந்தப் பக்கம் போகிறாள், வேனில்தான். லூபோக் சீனா பஸ் நிறுத்தத்திலிருந்து அந்த லயத்துக்கு இப்போதும் பஸ் கிடையாது. நடந்தால் நாற்பது நிமிடம்.