வெள்ளிக்கிழமை முழுக்கு

இரவிச்சந்திரனிடம் கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. குடியில்லை, புகையில்லை. வாய் ஒன்றுதான். நாலுபேர் கூடியிருக்கிற இடத்தைக் கண்டால் எழுந்து நின்று கதைக்காமல் அந்த மனிதரால் இருக்கவே முடியாது. அந்த வாயால்தான் மனைவியின் வெள்ளிக்கிழமை முழுக்குக்கே உலை வைத்தார்.

போன மாரியில் புஷ்பராணிக்குப் பாரிசவாதம் வந்து, இடக்கையும் இடக்காலும் சொல்வழி கேட்காமல் போயின. கனடாவில் பிரெஞ்சு பேசும் சென்ட் லோரன்டில் அவர்கள் இருக்கும் வாடகை வீட்டுக்குச் சுகாதார நிலையம் கிழமைக்கு இரண்டு நாள் குளிக்கவார்க்க ஆள் அனுப்பியது. நாலு மாதத்தில் ஒன்பது பேர் வந்து போனார்கள். புஷ்பராணியோ பாவாடையை நெஞ்சுக்கு மேல் ஏற்றிக் குறுக்குக்கட்டோடு குளித்துப் பழகியவள். வந்த ஒன்பது பேரும் முதல் வேலையாக அந்தப் பாவாடையைத்தான் அவிழ்க்கப் பார்த்தார்கள். அவள் நல்ல கையால் இறுக்கிப் பிடிக்க, அவர்கள் இழுக்க, குளியலறைக்குள் கயிறிழுத்தல் போட்டிதான். "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று ஒன்பது பேரும் எழுதிவைத்துவிட்டுப் போனார்கள்.

பத்தாவதாக வந்தவள் கெர்லின். ஹெயிட்டிக்காரி, ஐம்பது வயது, நல்ல கனத்த குரல். பாவாடையை ஒருதரம் பார்த்தாள், புஷ்பராணியின் முகத்தை ஒருதரம் பார்த்தாள். பிறகு பாவாடைக்கு மேலாலேயே தண்ணீரை வார்த்தாள். அவ்வளவுதான் விஷயம்! இவளுக்குப் பிரெஞ்சு தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் இரண்டுபேரும் தத்தம் பாஷையில் ஓயாமல் கதைத்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் புஷ்பராணி தலைமுழுகி, பின்னல் போட்டு, சாமிப்படத்தடிக்குப் போய் விளக்கேற்றத் தொடங்கினாள்.

இந்த நேரம் பார்த்துச் சுகாதார நிலையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வீட்டுப் பராமரிப்புச் சேவையை மேம்படுத்தப் பொதுக்கூட்டமாம். சேவை பெறுகிற குடும்பங்கள் வந்து அபிப்பிராயம் சொல்லவேண்டுமாம்.

"போறதெண்டாப் போங்கோ. வாயைப் பொத்திக்கொண்டு இருந்திட்டு வாங்கோ," என்றாள் புஷ்பராணி. "நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு எண்டு சொல்லி நாவூறு பட்டிடப்போகுது."

"விசர்க்கதை கதையாதையும். கனடாவில எங்கத்தை நாவூறு?"

கூட்டத்துக்கு வந்தவர்களெல்லாம் திட்டித் தீர்த்தார்கள். ஆள் பிந்தி வருகிறது, வராமலே விடுகிறது, வந்தாலும் தொலைபேசியைத்தான் பார்க்கிறது. மேலாளர் அம்மாவின் முகத்தைப் பார்க்க இரவிச்சந்திரனுக்குப் பாவமாக இருந்தது. எழுந்தார். முப்பது வருடம் பண்டகசாலையில் பழகிய பிரெஞ்சில் பதினைந்து நிமிடம் கெர்லினைப் புகழ்ந்தார். சும்மா புகழ்ந்திருந்தாலும் பரவாயில்லை. பாவாடை எந்த உயரத்தில் கட்டப்படும் என்பதைத் தன் நெஞ்சிலேயே கைவைத்துக் காட்டினார். மண்டபம் கைதட்டியது. மேலாளர் கெர்லினின் பெயரை எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டுக்கொண்டார்.

மனிதர் உச்சி குளிர்ந்து பஸ்ஸேறி வீட்டுக்கு வருமுன்பே, பின்வரிசையில் இருந்த தெரிந்த பெண் கஜந்தினி தொலைபேசியெடுத்து எல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டாள்.

"அறுவது பேருக்கு முன்னால என்ரை குறுக்குக்கட்டைக் காட்டிப்போட்டு வாறியள், என்ன?" என்றாள் புஷ்பராணி.

"நல்லதைத்தானே சொன்னனான்."

"சொல்ல முதல் என்னோட ஒரு கதை கதைச்சனீங்களோ?"

அவர் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

இரண்டு கிழமையில் அடுத்த கடிதம் வந்தது. தங்கள் மேலான கருத்தை ஏற்று, புதிய ஊழியர்களைப் பயிற்றும் பதவிக்குக் கெர்லினை உயர்த்தியிருக்கிறோம், சேவையை மேம்படுத்த உதவியதற்கு நன்றி என்று எழுதியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை பதினோராவது ஆள் வந்தாள். வந்ததும் பாவாடையில் கைவைத்தாள். அன்றைக்குக் குளியலறையை விட்டு வெளியே வந்த புஷ்பராணி, பிறகு ஒருவரையும் கிட்ட அண்டவிடவில்லை.

முழுகாமல் சாமிப்படத்தடிக்குப் போகிற ஆள் இல்லை அவள். மூன்று வெள்ளிக்கிழமைகளாக விளக்கு எரியவில்லை. ஈரத்துணியால் முடிந்தமட்டில் தானே துடைத்துக்கொண்டாள். தலை சிக்குப்பிடித்துக் கிடந்தது. இரவிச்சந்திரனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"நான் வாக்கிறன், எழும்பி வாரும்," என்று அவள் கையைப் பிடித்தார்.

"நீங்களோ? சந்தையில மீன் கழுவுற மாதிரிக் கழுவுவியள்," என்று உதறிவிட்டாள்.

மேலாளரைத் தொலைபேசியில் அழைத்து அழாக்குறையாகக் கேட்டார். நீங்கள் சொன்னதைத்தானே செய்தோம் என்றார் அந்த அம்மா. அப்போதுதான் மனிதருக்குக் குறுக்குப்புத்தி வேலைசெய்தது. புகழ்ந்ததால் போனவள், குறை சொன்னால் திரும்பி வரத்தானே வேண்டும்? முறைப்பாட்டுப் படிவத்தை எடுத்துவைத்துக்கொண்டு காலை முழுக்க யோசித்தார். ஒரு குறையும் அகப்படவில்லை. கடைசியில், "அதிகம் கதைக்கிறாள்" என்று எழுதினார். எழுதிய ஆள் யாரென்று பாருங்கள்!

படிவத்தோடு போனவர் நிலையத்து வாசலிலேயே கெர்லினிடம் மாட்டிக்கொண்டார். அவள் கழுத்தில் புது அடையாள அட்டை, முகமெல்லாம் பல்.

"எல்லாம் உங்களால்தான், முஸ்யே ரவி! இனி இந்த முழங்காலோடு வீடுவீடாக மாடிப்படி ஏறத் தேவையில்லை," என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. படிவத்தைச் சட்டைப்பைக்குள் கசக்கித் திணித்துவிட்டு வீட்டில் நடப்பதைச் சொன்னார். கெர்லின் சிரிக்கவில்லை. புதன்கிழமை என் வகுப்புக்கு வாருங்கள், நோயாளிகளின் வீட்டு ஆட்களுக்கும் இடம் இருக்கிறது என்றாள்.

வகுப்பில் பத்துப் பெண்கள், எழுபத்திரண்டு வயதில் இவர், நடுவில் கதிரையில் ஒரு ரப்பர் பொம்மை. முதல் புதன் பொம்மையின் கண்ணுக்குள் ஷாம்பூ விட்டார். அடுத்த புதன் பொம்மையைக் கதிரையால் விழுத்தினார். "மதாம் செத்துப்போனா!" என்று கெர்லின் கத்த, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. மூன்றாம் புதன் பொம்மைக்குக் குறுக்குக்கட்டுக் கட்டிவைத்து எல்லோரையும் வார்க்கச் சொன்னாள். இரவிச்சந்திரன் ஒரு பேச்சுப் பேசாமல் வரிசையில் நின்று வார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை புஷ்பராணி குளியலறைக் கதிரையில் இருந்து முகம் துடைத்துக்கொண்டிருந்தாள். கதவு ஒருக்களித்துத்தான் கிடந்தது. இரவிச்சந்திரன் அதைத் தள்ளவில்லை. தண்ணீர் வார்க்கிற கோப்பையோடு வெளியே நின்று தட்டினார்.

"ஆரது?"

"நான்தான்."

"நீங்களெண்டா ஏன் தட்டுறியள்?"

"உள்ளுக்கு வரலாமோ?"

சொல்லவேண்டிய விளக்கமெல்லாம் அவருக்கு வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டு நின்றார்.

உள்ளே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"கலியாணம் கட்டி நாப்பத்தொரு வருசம்," என்றாள் புஷ்பராணி. "இண்டைக்குத்தான் கேக்கிறியள். வாங்கோ."