மோட்டார் ஓடாத காலை

மருத நகர் மூன்றாவது தெருவுக்குள் நுழையும் முனையில், விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில், நலச் சங்கத்தின் கரும்பலகை இருந்தது. மின்தடை எந்தக் கிழமை, நாய் பிடிக்கும் வண்டி எப்போது வரும், செங்கல்பட்டு பஸ் நிலையத்துப் பக்கம் சங்கிலி பறிப்பு நடப்பதால் பெண்கள் கவனமாகப் போகவும் என்று எல்லாம் அதில் வரும். சங்கத்தின் செயலாளர் உலகநாதன், பஸ் டிப்போவில் கிளார்க். அவர் சொல்லச் சொல்ல மகள் கண்ணகி எழுதுவாள். அவள் கையெழுத்து தூரத்திலிருந்தே படிக்கும்படி இருக்கும்.

கண்ணகி பி.எஸ்சி. வேதியியல் முடித்திருந்தாள். வேலை அமையவில்லை. நேர்முகத் தேர்வில் பதில் தெரிந்தாலும் வாய் திறக்க நேரமாகும். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். பலகையின் முன்னால் அந்தத் தொல்லை இல்லை. அவள் எழுதிவிட்டுப் போன பிறகு தெரு நின்று படித்தது.

குழாயில் தண்ணீர் காலையில் வரும். வந்ததும் தெருவில் பல வீடுகளில் பக்திப் பாட்டு சத்தமாகக் கேட்கும். பக்தி மட்டும் காரணமில்லை. நகராட்சிக் குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சக் கூடாது, பிடித்தால் இணைப்பைத் துண்டிப்பார்கள். அந்தச் சத்தத்தை மறைக்கத்தான் பாட்டு. கண்ணகி வீட்டிலும் குளியலறை மூலையில் ஒரு மோட்டார் இருந்தது. அதன்மேல் ஒரு கோணிச் சாக்கு. அம்மா பூவாயிக்கு மூட்டு வலி, குடம் தூக்க முடியவில்லை என்று அப்பா வாங்கி வைத்தது. ‘குழாயில் மோட்டார் பொருத்துவது குற்றம்’ என்ற அறிவிப்பையும் கண்ணகி பலகையில் எழுதியிருக்கிறாள். எழுதியபோது அது வேறு யாருக்கோ சொல்லும் செய்தியாக இருந்தது.

2003 பிப்ரவரியில் தெருவில் மஞ்சள் காமாலை வந்தது. முதலில் தெருக்கோடி வீடுகளில் இரண்டு பிள்ளைகளுக்கு, பிறகு முனியம்மாவின் மகள் திவ்யாவுக்கு. முனியம்மா தெருக்கோடியில் வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை வைத்திருந்தாள். கணவர் இறந்த பிறகு கடைதான் வருமானம். திவ்யா பிளஸ் டூ படித்தாள். கண்ணகி மாலை நேரங்களில் போய் அவளுக்கு வேதியியல் சொல்லிக் கொடுத்தாள். மார்ச்சில் பொதுத்தேர்வு.

காமாலையைப் பற்றிச் சங்கம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெருவில் பேச்சு எழுந்தது. உலகநாதன் பலகைக்கு முன்னால் நின்று யோசித்துச் சொன்னார்: ‘காமாலை பரவுவதால் தெருவோரக் கடைகளில் சாப்பிடுவதைத் தவிர்க்கவும். உயிருக்கு ஆபத்து.’

அந்தத் தெருவில் கடை ஒன்றுதான். கண்ணகி கையை நிறுத்தி அவரைப் பார்த்தாள்.

“யாரு பேரும் எழுதலியே” என்றார் அவர்.

எழுதினாள். ‘ஆபத்து’ என்ற சொல்லுக்குக் கீழே சிவப்புச் சாக்பீஸால் கோடும் போட்டாள். முக்கியமான சொல்லுக்கு எப்போதும் அப்படிப் போடுவாள்.

அடுத்த நாள் முதல் கடையில் கூட்டம் குறைந்தது. பொத்தேரிக்கு ரயிலில் போகும் கல்லூரிப் பையன்கள் அந்த வழியாகத்தான் போவார்கள். அவர்கள் பலகையைப் படித்துவிட்டுப் பார்சல் வாங்காமல் நடந்தார்கள். வாரக் கடைசிக்குள் முனியம்மா மாவு அரைப்பதைப் பாதியாகக் குறைத்துவிட்டாள்.

பாடம் சொல்ல கண்ணகி போனபோது அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“வாம்மா டீச்சரு. ரெண்டு இட்லி துண்ணுட்டு போறியா? இல்ல உங்க போர்டு ஒத்துக்காதா?”

கண்ணகி தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போனாள். உள்ளே திவ்யா பாயில் படுத்தபடி புத்தகத்தை மார்பில் வைத்திருந்தாள். கண்ணின் வெள்ளை முழுதும் மஞ்சள். ஜி.ஹெச்.சில் ஓய்வு எடுக்கச் சொல்லியிருந்தார்கள். பரீட்சை எழுத முடியுமா என்று கேட்டதற்கு டாக்டர், உடம்பு எப்படித் தேறுகிறது என்று பார்க்கலாம் என்றாராம். அதைச் சொல்லும்போது திவ்யா சிரித்தாள். அவளுக்கு மார்க் வந்தால் நர்சிங் சேரலாம் என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள்.

பாடம் முடிந்து வெளியே வந்தபோது முனியம்மா ஒரு குடத்தைச் சாய்த்துக் காட்டி மோந்து பார்க்கச் சொன்னாள். சாக்கடை வாடை இலேசாக இருந்தது. குழாயில் முதலில் காற்று வரும், பிறகு கொஞ்சம் நாற்றமான தண்ணீர், பிறகு தெளிந்துவிடும் என்றாள். கடைக்கு அவள் இந்தத் தண்ணீரைத் தொடுவதில்லை. சாப்பிட வருகிறவர்கள் குறை சொல்லக் கூடாது என்று லாரித் தண்ணீர் வாங்குகிறாள்.

“பொண்ணு குடிக்கறதுக்குத்தான் கொழா தண்ணி. மருந்து போட்ட தண்ணி, நல்ல தண்ணின்னு நீதானே எழுதிருந்த” என்றாள்.

அதையும் கண்ணகிதான் எழுதியிருந்தாள், மழைக்காலத்தில்.

அவள் வாசலில் குனிந்து பார்த்தாள். முனியம்மா வீட்டுக்கு வரும் குழாய் சாக்கடைக்குள் இறங்கி ஏறியது. இணைப்பு இருந்த இடம் கறுப்புத் தண்ணீரில் மூழ்கியிருந்தது. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை அங்கே நல்ல தண்ணீர் வெளியே கசியும். தெருவின் மேல்பக்கம் மோட்டார்கள் சேர்ந்து இழுக்கும்போது அழுத்தம் விழும். அப்போது வெளியே இருப்பது உள்ளே போகும். பள்ளிக்கூடத்துப் பாடம்தான். வீட்டுக்கு நடக்கும்போது அதில் ஏதாவது பிழை இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். பிழை இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அப்பாவிடம் சொன்னாள். கோர்வையாக வரவில்லை. சாக்கடை என்றாள், அழுத்தம் என்றாள், பிறகு நம்ம மோட்டார் என்றாள். உலகநாதன் பேப்பரை மடித்து வைத்துக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. இந்தத் தெருவுக்கு விளக்கு போடச் சொல்லி ஆறேழு மாதம் நகராட்சிக்கு நடந்தவர்.

“நம்ம வூட்ல மட்டுமா கீது? எதிர்ல வாசுதேவன் வூட்ல இல்லியா? மேல இருக்கறவன் எல்லாம் வச்சிருக்கான். நாம நிறுத்தினா மட்டும் இன்னா ஆவும்?”

“எல்லாரும் நிறுத்தணும்ப்பா. போர்டுல எழுதலாம்.”

“நம்ம வூட்ல வச்சிகினு எழுதச் சொல்றியா?”

முன்பு எழுதியதை அவள் நினைவுபடுத்தவில்லை. அவர் வேறு ஒன்று சொன்னார். முனியம்மா கடையைச் சோதிக்கச் சொல்லி மனு கொடுத்தாகிவிட்டது. வாசுதேவனும் இன்னும் சிலரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சுகாதார ஆய்வாளர் ஞானதாஸ் நாளைக் காலை தண்ணீர் வரும் நேரத்தில் வருகிறார். கடை சுத்தமாக இருந்தால் அவரே சொல்லிவிடுவார், நமக்கென்ன என்றார் உலகநாதன். பூவாயி சாதம் போட்டாள்.

மறுநாள் காலை தண்ணீர் வந்தது. ஒரு வீட்டிலும் பாட்டு கேட்கவில்லை.

ஆய்வாளர் வருவது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மோட்டார்களுக்கு மேல் சாக்கும் அண்டாவும் ஏறியிருந்தன. தெருவே தன் வேலையை மறந்ததுபோல அமைதியாக இருந்தது. கண்ணகி முனியம்மா வீட்டுக்குப் போனபோது அங்கே ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஞானதாஸ் கடையின் பாத்திரங்களைப் பார்த்து முடித்துவிட்டுக் குழாயடிக்கு வந்தார். குழாயில் தண்ணீர் கட்டைவிரல் கனத்துக்குத் தெளிவாகக் கொட்டியது. நெடுநேரமாகவே அப்படிக் கொட்டிக்கொண்டிருந்ததால் வாடையும் போயிருந்தது.

அவர் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டார். தண்ணீர் மஞ்சளானது. குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். கண்ணகிக்கு அந்தச் சோதனை தெரியும்.

“தண்ணி நல்லாத்தான் இருக்கு” என்றார் ஞானதாஸ். “அப்போ சாப்பாட்டுலதான் எங்கியோ கோளாறு.”

“தெனமும் இப்பிடி வராது சார்” என்றாள் முனியம்மா. “இன்னிக்குத்தான் வருது. இவ்ளோ வேகத்த நான் பாத்ததே இல்ல.”

“மாட்டிகினா எல்லாரும் சொல்றதுதான்” என்றார் வாசுதேவன் பின்னாலிருந்து. யாரோ சிரித்தார்கள்.

ஞானதாஸ் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். அடுத்த உத்தரவு வரும்வரை கடை போடக் கூடாது என்றார். குரலில் கோபம் இல்லை. முனியம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. உலகநாதனைப் பார்த்தாள். அவர் கொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணகி வாயைத் திறந்தாள். இத்தனை பேருக்கு நடுவில், அப்பாவுக்கு எதிரில், முதல் சொல் எது என்று தெரியவில்லை. ஞானதாஸ் எழுத ஆரம்பித்துவிட்டார். அவள் திரும்பி வேகமாக நடந்தாள். பாதித் தெருவுக்குப் பிறகு ஓடினாள்.

வீட்டில் பூவாயி, “இன்னாடி?” என்று கேட்டபடி பின்னால் வந்தாள். கண்ணகி குளியலறைக்குள் போய்ச் சாக்கை இழுத்துப் போட்டாள். ஜன்னலைத் திறந்தாள். சுவிட்சைத் தட்டினாள்.

பாட்டு இல்லாமல் அந்த மோட்டார் ஓடி அவள் கேட்டதே இல்லை. சின்ன மோட்டார்தான். ஆனால் சுவர் அதிர்ந்தது. தொட்டியில் தண்ணீர் பீறிட்டு விழுந்தது. அந்த ஒரு மோட்டார் போதுமா, தெருக்கோடி வரை இழுக்குமா என்று அவளுக்குத் தெரியாது. இழுக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். அப்புறம் தான் எதை வேண்டிக்கொள்கிறோம் என்பது உறைத்தது. சாக்கடை இன்னொரு முறை அந்தக் குழாய்க்குள் போக வேண்டும் என்று. பூவாயி கதவருகில் நின்று பார்த்தாள். நிறுத்து என்று சொல்லவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

உலகநாதன் வந்தார். மூச்சு வாங்கியது. சுவிட்சை அவரே அணைத்தார்.

“அங்க கொழா நின்னுட்ச்சு” என்றார். சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல், “வாயால சொல்லியிருக்கக் கூடாதா?”

“நேத்து சொன்னேம்ப்பா.”

அவர் தலையை ஆட்டினார். சட்டையின் மேல்பித்தானைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய், தெருக்கோடியைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார். “வாங்க சார். இங்கதான் கீது.”

நடந்ததைக் கண்ணகி பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டாள். குழாயில் தண்ணீர் மெலிந்து, இழுவைச் சத்தத்தோடு நின்றிருக்கிறது. எல்லோரும் பேசாமல் இருந்ததால் மோட்டார் ஓடுவது தெருக்கோடி வரை கேட்டிருக்கிறது. மோட்டார் நின்றதும் குழாய் இருமியதுபோல் கறுப்பாகத் துப்பியிருக்கிறது. ஞானதாஸ் அதைக் குப்பியில் பிடித்துச் சொட்டு விட்டார். மஞ்சள் வரவில்லை. எழுதிய காகிதத்தை அவர் கிழித்துவிட்டாராம்.

மோட்டாரைக் கழற்றி ஜீப்பில் ஏற்றினார்கள். தூக்கி வந்தவர் உலகநாதன்தான், உதவிக்கு யாரையும் கூப்பிடவில்லை. தெரு வேடிக்கை பார்த்தது. வாசுதேவன் தன் வீட்டுச் சுவரில் சாய்ந்தபடி, செக்ரட்டரியே இப்படிச் செய்யலாமா என்று பக்கத்து ஆளிடம் கேட்டார். வேறு எந்த வீட்டில் மோட்டார் இருக்கிறது என்று ஞானதாஸ் கேட்டபோது உலகநாதன் கீழே பார்த்தபடி தெரியாது என்றார். கண்ணகியும் பக்கத்தில்தான் நின்றாள். அவளும் சொல்லவில்லை. அன்று செலவு செய்ய அவளிடம் இருந்த தைரியம் அவ்வளவுதான்.

மாலையில் முனியம்மா வீட்டுக்குப் போனாள். வாசலில் பள்ளம் தோண்டி, குழாயைச் சாக்கடைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள் நகராட்சி ஆட்கள். முனியம்மா அரிசி ஊறப் போட்டிருந்தாள். பழைய அளவு.

கண்ணகி வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தாள். அதைச் சொல்வதற்குள் முனியம்மா பேசினாள்.

“பாட்டு போட்டா மோட்டாரு சத்தம் கேக்காதா இன்னா? எப்பவோ தெரியும்.”

“ஏன்க்கா யார்கிட்டயும் சொல்லல?”

“யாராண்ட சொல்றது? சங்கமே உங்க வூடு.”

அவள் அரிசியைக் கையால் அளைந்தாள்.

“நான் உன்கிட்ட ஒண்ணும் எதிர்பாக்கல. பெத்தவன எதுத்து எந்தப் பொண்ணு பேசும்? உள்ள படுத்துகினு கீதே, இதுதான் சொல்லிகினே கெடந்துது. அக்கா அந்த வரிய அழிச்சிடும் பாரு, இன்னிக்கு அழிச்சிடும் பாருன்னு. ஒடம்பு முடியாம இருக்கசொல்ல கூட எந்திரிச்சு முனை வரைக்கும் போய் பாத்துட்டு வரும். வந்து படுத்துக்கும்.”

கண்ணகிக்கு அது தெரியாது. அந்த நாட்களில் அவள் பலகைக்குப் போகும்போதெல்லாம் அந்த வரியைத் தொடாமல் அதற்குக் கீழே புதுச் செய்தியை எழுதியிருந்தாள். தயார் செய்த வாக்கியம் இதற்குப் போதவில்லை.

உள்ளே திவ்யா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்குகிறாளா என்று தெரியவில்லை. முனியம்மா உள்ளே போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கண்ணகி செருப்போடு நின்றாள். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் இருந்தது.

“மின் வேதியியல் பாதில நிக்குதுக்கா” என்றாள் திவ்யா, திரும்பாமலே.

கண்ணகி செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனாள். பாயின் ஓரத்தில் உட்கார்ந்து புத்தகத்தை எடுத்தாள். திவ்யா மெல்லப் புரண்டு அவள் பக்கம் பார்த்தாள். அந்த மஞ்சள் கண்கள் தன்மேல் இருப்பது கண்ணகிக்குத் தெரிந்தது. நிமிராமல், எழுத்துகளுக்கு நடுவில் விரலை ஓட்டி இடத்தைக் கண்டுபிடித்து, படிக்க ஆரம்பித்தாள்.